மரத்தளத்தில் பெர்கோலா: தூணைப் பலகை தாங்காது, அடிப்பிடிதான் தாங்கும்

செனாயில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால், முன்பெல்லாம் அங்கே முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் நிற்கும். இப்போது பல வீடுகளில் அந்த இடத்தில் டெக் எனப்படும் மரத்தளம் வருகிறது. தளம் வந்த சில மாதத்தில், வெயிலுக்கு மேலே ஏதாவது வேண்டுமே என்ற எண்ணமும் வருகிறது. நான்கு மூலையில் தூண், அதன் மேல் இரண்டு உத்திரம், குறுக்கே வரிசையாகக் கைமரங்கள் என்று ஒரு பெர்கோலா எழும்புகிறது. தீபாவளிக்கு வரும் உறவினர்கள் உட்கார இடம் ஆயிற்று. மழை இல்லாத நாளில் துணியும் காயும்.

வேலை முடிந்த அன்று வீட்டுக்காரர் தூணைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார். அசையாது. குத்தகையாளர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார். அந்தத் தூண் மரத்தளத்தோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் அது பலகைக்குக் கீழே இருக்கிறது.

நம்மவர்களுக்குப் பந்தல் புதிய விஷயம் இல்லை. தோட்டப்புறத்துக் கல்யாணப் பந்தலுக்குக் கால் நடும்போது முதலில் குழி தோண்டுவார்கள். காலை உள்ளே இறக்கி, மண்ணைத் தள்ளி, கல் போட்டு இடிப்பார்கள். காற்று பந்தலைத் தூக்கினாலும் தள்ளினாலும் புதைந்திருக்கும் அந்த இரண்டடி மண்தான் பிடித்துக்கொள்ளும். மரத்தளத்தின் மேல் வைக்கும் பெர்கோலாவுக்கு அந்தக் குழி கிடையாது. ஓர் அங்குலப் பலகையின் மேல் ஒரு தகட்டை வைத்து, நான்கு ஸ்குரூ முடுக்கி, அதன் மேல் எட்டடித் தூணை நிறுத்தினால், மண் செய்த வேலை முழுவதும் அந்த நான்கு ஸ்குரூவின் தலையில் விழுகிறது.

சுமத்ரா காற்று

பெர்கோலாவின் எடை கீழ்நோக்கி அழுத்தும் என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். அது சின்னக் கவலை. ஓரளவு ஒழுங்காகப் போட்ட மரத்தளம் அந்த எடையைத் தாங்கிவிடும். செனாயில் கவனிக்க வேண்டியது காற்று.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா காற்றை ஜொகூர்காரர்கள் நன்றாக அறிவார்கள். பெரும்பாலும் விடியற்காலையிலோ காலையிலோ வரும். வானம் ஒரு பக்கம் கறுக்கும், சட்டென்று குளிர்ந்த காற்று அடிக்கும், பிறகு மழை கொட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். அதற்குள் எங்காவது மரம் சாய்ந்திருக்கும், கூரைத் தகடு பறந்திருக்கும்.

செனாயிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே, சிங்கப்பூரின் தெங்காவில் ஒரு வானிலை நிலையம் இருக்கிறது. 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலை வீசிய சுமத்ரா காற்றின்போது அங்கே பதிவான வேகம் மணிக்கு 83.2 கிலோமீட்டர். அதே தெங்காவில் 1984 ஏப்ரல் 25ஆம் தேதி பதிவானது மணிக்கு 144.4 கிலோமீட்டர். காற்று காஸ்வேயில் நின்று கடப்பிதழ் காட்டிவிட்டு வருவதில்லை. அங்கே அடித்தது இங்கேயும் அடிக்கும்.

இந்த வேகம் ஒரு பெர்கோலாவை என்ன செய்யும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றி, அதை அதே எண்ணால் பெருக்கி, மறுபடியும் 0.6ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 83 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 23 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 33 கிலோ வரும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் உள்ள பெர்கோலாவின் மேல் பாலிகார்பனேட் கூரை போட்டிருந்தால் பரப்பு 12 சதுர மீட்டர். மொத்தம் 400 கிலோ.

அந்த பெர்கோலாவின் எடை எவ்வளவு? 10 சென்டிமீட்டர் சதுரத்தில் நான்கு தூண், இரண்டு உத்திரம், எட்டுக் கைமரம் என்று பாலாவ் போன்ற கனமான மரத்தில் செய்தாலே 260 கிலோ பக்கம்தான் வரும். அலுமினியத்தில் செய்தால் இதில் பாதிகூட வராது. 1984இல் அடித்த வேகத்தில் பார்த்தால், அதே கூரைக்குக் கணக்கு 1,200 கிலோவை நெருங்குகிறது. கூரையின் சாய்வு, பக்கத்தில் சுவர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மேல்நோக்கித் தூக்கும் பங்கு கூடும், குறையும். வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தில் காற்று கொஞ்சம் தணியவும் செய்யும். ஆனாலும் கூரை போட்ட பெர்கோலா தன் எடையாலேயே நின்றுகொள்ளும் என்று நம்ப முடியாது. கட்டடங்களுக்கான மலேசியக் காற்று விதி எம்.எஸ். 1553, நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்து, விநாடிக்கு 33.5 மீட்டர், 32.5 மீட்டர் என்ற அடிப்படை வேகங்களை வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. இரண்டுமே மணிக்கு 115 கிலோமீட்டருக்கு மேல்.

கூரை போடாத, வெறும் கைமரங்கள் மட்டும் உள்ள பெர்கோலாவுக்கு இவ்வளவு தூக்கல் வராது. காற்று இடைவெளி வழியே போய்விடும். சிக்கல் பெரும்பாலும் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு வருடம் கழித்து, மழையிலும் உட்காரலாமே என்று யாரோ யோசனை சொல்ல, மேலே பாலிகார்பனேட் தகடு ஏறுகிறது. தகடு போட வருகிறவர் அடிப்பிடியைப் பார்க்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. அன்று முதல் அந்த பெர்கோலா நான்கு காலில் நிற்கும் பாய்மரம். மல்லிகையோ பாஷன் ஃப்ரூட் கொடியோ அடர்த்தியாகப் படர்ந்தாலும் ஓரளவு இதே கதைதான், அதோடு மழையில் நனைந்த கொடியின் எடையும் சேரும்.

எட்டடி நெம்புகோல்

தூக்கல் ஒரு பக்கம் என்றால், பக்கவாட்டில் தள்ளுவது இன்னொரு பக்கம். அனுபவமுள்ள தச்சர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான்.

2.4 மீட்டர் உயரமுள்ள தூணின் உச்சியைக் காற்று 50 கிலோ விசையோடு தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய விசை இல்லை, ஓர் ஆள் சாய்ந்து தள்ளினால் வரும். ஆனால் தூண் ஒரு நெம்புகோல். அடியில் இருக்கும் தகட்டின் ஸ்குரூக்கள் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒரு பக்கத்து ஸ்குரூக்களைப் பிடுங்க வரும் விசை 1,500 கிலோ. 50ஐ 2.4ஆல் பெருக்கி 0.08ஆல் வகுத்தால் இந்த எண் வரும். ஓர் அங்குலப் பலகையில் இறங்கிய ஸ்குரூக்கள் இதைத் தாங்காது. பலகை பிளக்கும், இல்லையென்றால் ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு வரும். டபிள்யூபிசி எனப்படும் மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகை இன்னும் மோசம். அது நடப்பதற்கு மட்டுமே செய்யப்பட்டது, உள்ளே பல பலகைகள் பொந்தாகவே இருக்கும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தூணை மரத்தளத்துக்குக் கீழேயும் நீட்டி, ஆழமாகப் பிடிப்பது. மற்றொன்று, தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் 45 பாகையில் சாய்வு முட்டு கொடுப்பது. இரண்டடி நீளமுள்ள முட்டு, இரு முனையிலும் போல்ட் போட்டு, நான்கு தூணுக்கும், இரண்டு திசையிலும் வர வேண்டும். முட்டு சரியாக இருந்தால் மேல்சட்டகம் முழுவதும் ஒரே கூடாக நின்றுகொள்ளும். அடிப்பிடிக்குத் தூக்கலையும் நழுவலையும் தடுக்கும் வேலைதான் மிஞ்சும். முட்டு அழகைக் கெடுக்கிறது, தலையில் இடிக்கிறது என்று அதை வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் முதல் வழியை விட முடியாது.

தரையோடு ஒட்டிய தளம்

செனாயின் வரிசை வீடுகளில் மரத்தளம் பெரும்பாலும் ஓரடி உயரத்துக்குள்தான் இருக்கும். சிமெண்டுத் தரையின் மேலேயோ மண்ணின் மேலேயோ சட்டங்களைப் பரப்பி, அவற்றின் மேல் பலகை அடிப்பார்கள். சட்டங்கள் பல நேரம் தரையோடு பிணைக்கப்படாமல் சும்மா கிடக்கும். பெர்கோலாவை அந்தச் சட்டத்தோடு எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், சட்டமும் சேர்ந்தே எழும்பும்.

இந்த வகைத் தளத்தில் நல்ல வேலை என்றால் மரத்தளத்தை மறந்துவிட வேண்டும். தூண் நிற்கும் நான்கு இடத்திலும் பலகையை வெட்டித் திறந்து, கீழே உள்ள காங்கிரீட்டில் அடிப்பிடி போட வேண்டும். மரத்தளம் தூணைச் சுற்றி நிற்கும், தூணைத் தாங்காது.

கீழே மண் என்றால் குழி தோண்டிக் காங்கிரீட் போட வேண்டும். 45 சென்டிமீட்டர் சதுரமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு கட்டை ஏறக்குறைய 290 கிலோ எடை கொள்ளும். நான்கும் சேர்ந்தால் 1,150 கிலோவுக்கு மேல். முன்பு பார்த்த 400 கிலோ தூக்கல் நான்கு தூணுக்கும் சமமாகப் பிரிந்து வராது, காற்று வரும் பக்கத்துத் தூண்களுக்குக் கூடுதலாக வரும். அதற்கும் இந்த எடையில் இடம் இருக்கிறது. குழி தோண்டும் முன் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வரிசை வீடுகளின் பின்புறத்தில் அது எங்காவது ஒளிந்திருக்கும்.

கீழே ஏற்கெனவே சிமெண்டுத் தரை இருந்தால் ஆங்கர் போல்ட் போதும் என்று தோன்றும். தரை எவ்வளவு கனம் என்று ஒரு துளை போட்டுப் பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும். 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் காங்கிரீட்டுக்குள் ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதற்குக் கீழேயும் காங்கிரீட் மிச்சம் இருக்க வேண்டும். ஓடு, அதன் கீழ் உள்ள சாந்து ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. தரை மெல்லியதாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, மேலே சொன்ன கட்டையைப் போடுவதே சரி. தரையின் ஓரத்துக்கு மிக அருகில் துளை போட்டால் காங்கிரீட் மூலையோடு பெயர்ந்துவிடும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. மரத்தூணின் அடி, பலகைக்குக் கீழே இருட்டில் காங்கிரீட்டின் மேல் உட்கார்ந்தால், அது ஈரம் காயாமல் உளுத்துவிடும். கரையானுக்கும் வழி திறந்துவிட்டது போலாகும். அதனால் காங்கிரீட்டிலிருந்து ஓர் இரும்புத் தாங்கியை எழுப்பி, அது பலகை மட்டத்துக்கு மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் வரும்படி வைத்து, அதற்கு மேல் மரத்தூணைப் பொருத்துகிறார்கள். தூணின் அடி எப்போதும் கண்ணில் படும், காற்றும் படும். தாங்கியைச் சுற்றிப் பலகையில் அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் தண்ணீர் தேங்காது.

உயரமான தளம்

மேட்டு நிலத்து வீடுகளிலும் ஒதுக்குப்புற வீடுகளிலும் மரத்தளம் தன் சொந்தத் தூண்களில் இடுப்பளவு உயரத்தில் நிற்கும். அங்கே சிறந்தது, பெர்கோலாத் தூணும் தளத்தின் தூணும் ஒரே மரமாக இருப்பது. தளம் கட்டும்போதே மூலைத் தூண்களை வெட்டாமல் மேலே நீட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பின்னாளில் பெர்கோலா வேண்டும் என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும் இதை முன்கூட்டியே குத்தகையாளரிடம் சொல்லிவிடுவது லாபம்.

ஏற்கெனவே கட்டிய தளம் என்றால், மூலைப் பலகையைத் திறந்து, தூணைக் கீழே இறக்கி, ஓரச் சட்டத்தின் உட்பக்கத்தில் ஒட்டி நிறுத்த வேண்டும். தூணின் மற்ற பக்கங்களில் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அதே ஆழமுள்ள மரக்கட்டைகளை இறுக்கிப் பொருத்தினால் தூண் ஒரு பெட்டிக்குள் அடைபட்டது போல் நிற்கும். பிறகு இரு திசையிலும் ஊடுருவிச் செல்லும் 12 மில்லிமீட்டர் போல்ட்டுகள், ஒரு திசைக்குக் குறைந்தது இரண்டு. சட்டத்தின் ஆழம் 15 சென்டிமீட்டர்தான் என்றால் போல்ட்டுகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடம் கிடைக்காது. நெம்புகோல் கணக்கு அங்கேயும் விடாது, ஆகவே சாய்வு முட்டு கட்டாயம்.

அதோடு முடிந்துவிடவில்லை. தூண் சட்டத்தைப் பிடித்திருக்கிறது, சட்டம் எதைப் பிடித்திருக்கிறது? உத்திரத்தின் மேல் சாய்வாக அடித்த இரண்டு ஆணிதான் பிடிப்பு என்றால் அது எடையைத் தாங்கும், தூக்கலைத் தாங்காது. சட்டத்துக்கும் உத்திரத்துக்கும் இரும்புப் பட்டை, உத்திரத்துக்கும் தளத்தூணுக்கும் போல்ட், தளத்தூணுக்கும் காங்கிரீட்டுக்கும் தாங்கி என்று பிடி அறுபடாமல் மண் வரை போக வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் மற்றவற்றுக்குச் செலவழித்தது வீண்.

போல்ட்டும் மரமும்

வேலை மரத்தில் என்றால் மரம் சுருங்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கடையில் வாங்கும் செங்காலோ பாலாவோ முழுக்கக் காய்ந்திருப்பது அரிது. நான்கைந்து மாதத்தில் மரம் சுருங்க, இறுக்கிய நட் தானாகத் தளர்ந்திருக்கும். ஆணியை மறுபடி இறுக்க முடியாது, போல்ட்டை முடியும். போல்ட் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரு பக்கமும் அகலமான வாஷர் வைக்காவிட்டால் நட் மரத்துக்குள் புதைந்துவிடும்.

செங்கால், பாலாவ் இரண்டும் கடினமான கனமரங்கள். துளையிடாமல் ஸ்குரூ முடுக்கினால் ஸ்குரூ ஒடியும் அல்லது மரம் பிளக்கும். சட்டத்தின் நுனிக்கு மிக அருகில் போல்ட் போட்டாலும் பிளவுதான். 12 மில்லிமீட்டர் போல்ட் என்றால் நுனியிலிருந்து எட்டரை சென்டிமீட்டராவது தள்ளித் துளையிட வேண்டும். விலை குறைவு என்று வாங்கும் கெம்பாஸ் வலுவான மரம்தான், ஆனால் வெளியில் போட மருந்தேற்றியது வேண்டும். மருந்தேற்றிய மரத்தில் செம்பு கலந்திருந்தால் சாதாரண இரும்பு போல்ட் வேகமாகத் துருப்பிடிக்கும். பளபளவென்று மெல்லிய முலாம் பூசிய மலிவான போல்ட்டை ஒதுக்கிவிட்டு, துத்தநாகக் குழம்பில் முக்கியெடுத்த, கொஞ்சம் சொரசொரப்பான சாம்பல் நிறப் போல்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வசதி இருந்தால் துருப்பிடிக்காத எஃகு. செனாய் கடலோரத்தில் இல்லாததால் 304 ரகம் போதும். டெசாரு போன்ற கடலோர வீடுகளுக்கு 316 வேண்டும்.

ஈரம் செய்யும் வேலை வெளியே தெரியாது என்பதற்கு உலகமறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2015 ஜூன் 16ஆம் தேதி அமெரிக்காவின் பெர்க்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மர பால்கனி முறிந்து ஆறு மாணவர்கள் இறந்தார்கள். தாங்கிய சட்டங்கள் உள்ளே ஈரம் தேங்கி உளுத்துப்போயிருந்தன. வெளியிலிருந்து பார்க்கக் கட்டடம் புதிதாகவே இருந்தது. செனாயில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இங்கே ஒவ்வொரு போல்ட் துளையும் தண்ணீர் இறங்கும் வாய்தான். துளைக்குள் மரப் பாதுகாப்பு மருந்தைத் தடவுவதற்கும், வெட்டிய நுனிகளை அப்படியே விடாமல் பூசி மூடுவதற்கும் அரை மணி நேரம்கூட ஆகாது.

வீட்டுச் சுவரோடு ஒரு பக்கத்தை இணைப்பவர்கள், சுவர்ப் பூச்சில் பிளாஸ்டிக் பிளக் போட்டுச் சட்டத்தைத் தொங்கவிடக் கூடாது. காங்கிரீட் உத்திரமோ தூணோ எங்கே இருக்கிறது என்று தெரிந்து அதில் பிடிக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பக்கமும் இரண்டு தூண் நிறுத்திவிடுவதே மேல்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது; இருக்கும் கட்டடத்தைக் கூட்டி விரிப்பதும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. செனாய், கூலாய் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. கூரை போட்டதா, திறந்ததா, வேலியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து அங்கே என்ன கேட்பார்கள் என்பதை வேலை தொடங்கும் முன் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுக் காரின் மேல் தகடு பறந்து விழுந்த பிறகு எழும் முதல் கேள்வி அனுமதி இருந்ததா என்பதாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே பெர்கோலா வைத்திருப்பவர்கள் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினால் போதும். டார்ச் விளக்கோடு குனிந்து, தூண் பலகையில் முடிகிறதா அல்லது கீழே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஸ்குரூ டிரைவரால் தூணின் அடியையும் சட்டங்களின் முனையையும் குத்திப் பார்க்க வேண்டும்; நல்ல மரத்தில் முனை இறங்காது, உளுத்ததில் சோற்றில் இறங்குவது போல் இறங்கும். பிறகு ஒருவர் தூணின் உச்சியைத் தள்ள, இன்னொருவர் அடியைக் கவனிக்க வேண்டும். அடித்தகடு ஒரு நூலளவு எழுந்தாலும், துருக்கறை ஸ்குரூவைச் சுற்றி வட்டமாகப் படிந்திருந்தாலும் தச்சரைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அவர் வரும் வரை மேலே உள்ள பாலிகார்பனேட் தகட்டைக் கழற்றி, சுவரோரம் படுக்கவைத்துக் கட்டிவைப்பது நல்லது. வெறும் கைமரங்கள் சில வாரம் வெயிலைக் குறைத்துக்கொண்டு நிற்கும்.